ஆர்.சி. புக் ஆண்டையிடம், லைசென்ஸ் யாரிடம்?

"நிலத்தை உழுகிற விவசாயிக்கு எதற்கு டிரைவிங் லைசென்ஸ்?" வாகனச் சோதனை கொஞ்சம் இறுகும்போதெல்லாம் கிராமங்களில் இந்தக் கேள்வி எழும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மண்ணோடு பிழைக்கிறவரை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வைக்கலாமா என்று நமக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் யார் என்று பார்க்க வேண்டும். பல ஊர்களில் அவர் டிராக்டரின் சொந்தக்காரர். விடியுமுன்பே வண்டியைக் கிளப்பிக்கொண்டு சேற்றில் இறங்குகிறவர் வேறொருவர். ஆர்.சி. புக் ஊர்த்தெருவில் இருக்கும். ஓட்டுகிறவர் காலனியிலிருந்து வருவார்.

டிராக்டர் ஓட்டுகிற எல்லாரும் தலித்துகள் என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கி வாங்கிய வண்டியைத் தானே ஓட்டுகிற சிறு விவசாயிகள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு: நமது மோட்டார் வாகனச் சட்டம் 'விவசாயி' என்று சொல்லும்போது யாரை நினைத்துக்கொள்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம் பேர், விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். ஒரு சாகுபடியாளருக்கு இரண்டு கூலிகளுக்கும் மேல். சலுகை என்று வரும்போது சட்டத்தின் கண்ணில் படுகிறவர் முதலாமவர். பொறுப்பு, தண்டனை என்று வரும்போது மாட்டிக்கொள்கிறவர் இரண்டாமவர். டிராக்டர் உரிமத்தின் வரலாறு இந்தக் கணக்கின் வரலாறுதான்.

வண்டியை யார் ஓட்டுவது என்பது இந்த நாட்டில் ஒருபோதும் வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருந்ததில்லை. அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இரண்டு வண்டிப் பயணங்களை எழுதியிருக்கிறார். முதலாவது 1901ல் நடந்தது. தந்தையைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய சிறுவர்களை ஏற்றிச் செல்ல மாட்டுவண்டிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார். இரட்டைக் கூலி தர வேண்டும், வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். இதுதான் உடன்பாடு. இரண்டாவது 1929ல், சாலிஸ்கானில். அப்போது அவர் பாரிஸ்டர், அரசுக் குழுவின் உறுப்பினர். மகர் ஒருவரை உட்கார வைத்து ஓட்டுவது தனக்கு இழுக்கு என்று குதிரைவண்டிக்காரர் சொல்லிவிட்டார். வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார். ஓட்டிப் பழக்கமில்லாத மகர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். வழியில் பாலத்தில் வண்டி மோதியது. அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிந்தது.

பயிற்சி இல்லாத ஒருவர் கையில் வண்டி எப்படி வந்தது என்று கேட்டால் அதற்கான விடை சாதியில் இருக்கிறது. விபத்து நடந்தபிறகு "ஓட்டத் தெரியாதவன் ஓட்டினான்" என்று சொல்லி முடித்துவிடலாம். அந்த நிலைமையை உண்டாக்கியவர் பெயர் எந்தக் கோப்பிலும் ஏறாது. டிராக்டர் விபத்துகளைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போது இந்தச் சாலிஸ்கான் வண்டியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த 1939 மோட்டார் வாகனச் சட்டத்தைப் புரட்டினால், அதன் 3வது பிரிவில் ஒரு வரையறை கண்ணில் படும். பொது இடத்தில் வண்டி ஓட்ட எல்லோருக்கும் உரிமம் வேண்டும். ஆனால் சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கு அந்த உரிமத்திலேயே அதற்கான தனி அனுமதி இருக்க வேண்டும். தன் காரைத் தானே ஓட்டும் கனவானுக்கு ஒரு தாள், அவரது டிரைவருக்கு வேறொரு தாள். சம்பள ஓட்டுநர் விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்றிதழையும் இணைக்க வேண்டும். இருவரும் ஓட்டுவது ஒரே சாலையில்தான். ஆனால் கூலிக்கு ஓட்டுகிறவர் உடம்பைத்தான் சட்டம் கூடுதலாகச் சந்தேகித்தது. 1988 சட்டம் வரும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்தப் பிரிவினை நீடித்தது.

அந்தச் சட்டம் வந்தபோது இந்தியாவில் டிராக்டர் அபூர்வப் பொருள். 1951 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 8,635 டிராக்டர்கள்தான். 1959ல் ஐஷர் நிறுவனம் பரிதாபாத்தில் உள்நாட்டிலேயே டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியது. 1960ல் சென்னையில் டாஃபே நிறுவனம் உருவானது. அதே காலத்தில், 1960-61ல், தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உரம், வீரிய விதை, கடன், இயந்திரம் எல்லாம் மிராசுதாரின் களத்து வாசலுக்கு வந்தன.

அப்போது தஞ்சையில் உழவு மாட்டின் வாலைப் பிடித்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். பண்ணையாள்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் தலித்துகள். 1952ல் தஞ்சாவூர் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளைக் காரணமில்லாமல் வெளியேற்றக் கூடாது, இவ்வளவு கூலி கொடுக்க வேண்டும் என்றது. மிராசுதார்கள் என்ன செய்தார்கள்? பண்ணையாள் என்ற உறவையே கைவிட்டு, தினக்கூலியாக மாற்றிக்கொண்டார்கள். அப்படிக் கூலியாக மாற்றப்பட்டவர்கள் கூலி உயர்வு கேட்டபோது, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள்.

டிராக்டர் இந்தப் பின்னணியில்தான் வயலில் இறங்கியது. ஏர் உழவு போனபோது பண்ணையாளின் வேலையில் பெரும்பகுதி போனது. பின்னர் அறுவடை இயந்திரம் வந்தபோது பெண்களின் அறுப்புக் கூலியும், களத்தில் கிடைத்த நெல்லும் போயின. மிச்சமிருந்த ஒரு புது வேலை, அந்த இயந்திரத்தை ஓட்டுவது. ஏர் பிடித்தவரின் பேரன் ஸ்டியரிங் பிடித்தார். தெருவில் சைக்கிள் மிதித்துப் போகக் கூடாது, செருப்பு போட்டு நடக்கக் கூடாது என்று தடுத்த ஊர்களில்கூட டிராக்டரின் உயரமான இருக்கையில் உட்கார்ந்து அதே தெரு வழியாக அவர் போனார். வண்டி ஆண்டையுடையது என்பதால் அது அனுமதிக்கப்பட்டது. வேலை முடிந்து இறங்கிவிட்டால் பழைய ஒழுங்கு திரும்பிவிடும்.

இப்போதைய 1988 சட்டத்துக்கு வருவோம். 1989 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. சம்பள ஓட்டுநர் என்ற தனி வகையை அது கைவிட்டது. அதற்குப் பதிலாகப் 'போக்குவரத்து வாகனம்' என்ற வகையை மையப்படுத்தியது. சரக்கோ பயணிகளோ ஏற்றும் வண்டியை ஓட்ட உரிமத்தில் தனியாகக் குறித்திருக்க வேண்டும், வயது 20 ஆகியிருக்க வேண்டும். மற்ற வண்டிகளுக்கு 18 போதும். வெறும் எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டர், இலகுரக வாகனத்தின் வரையறைக்குள் வருகிறது. நம் ஊர் டிராக்டர்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய டிராக்டரைப் போக்குவரத்து அல்லாத வாகனம் என்று வகைப்படுத்தின. விவசாயிக்கு வரியும் பெர்மிட்டும் சுமையாகக் கூடாது என்பது இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, சட்டம் உரிமம் கேட்பது 'பொது இடத்தில்' ஓட்டும்போது. பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள சாலை, தெரு, வழி ஆகியவையே பொது இடம். வேலியும் வரப்பும் போட்ட வயல் அதில் சேராது. ஆகவே சட்டத்தின் பார்வை வரப்போடு நின்றுவிடுகிறது. சாலையில் எதிரே வரும் காருக்கு என்ன ஆகும் என்று அது கவலைப்படுகிறது. வயலுக்குள் கேஜ் வீல் மாட்டிய வண்டி சேற்றில் முன்பக்கம் தூக்கிக் கவிழ்ந்தால் அடியில் சிக்குகிறவர் பயிற்சி பெற்றவரா, எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டுகிறார் என்று கேட்க அங்கே ஆளில்லை. பதினைந்து வயதுப் பையனை "சும்மா வயலுக்குள்ளதானே" என்று ஏற்றிவிடும் வழக்கம் இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது.

இரண்டாவது, போக்குவரத்து அல்லாத வாகனம் என்ற அந்தச் சலுகைக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர் சலுகை பெற்றவர் இல்லை. நாற்று நடவும் களை பறிக்கவும் பெண்களை எப்படி அழைத்துப் போகிறார்கள்? டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய டிரெய்லரில். சாலை விதிகள் டிராக்டரில் ஓட்டுநரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்கின்றன. கட்டாயக் காப்பீட்டைப் பற்றிப் பேசிய 147வது பிரிவோ, வண்டியை ஓட்டும் தொழிலாளிக்கும், சரக்கு வாகனத்தில் ஏற்றிச் செல்லப்படும் தொழிலாளிக்கும் காப்பீடு கட்டாயம் என்றது. டிராக்டர் சரக்கு வாகனம் இல்லை என்றால் பின்னால் உட்கார்ந்திருக்கும் நடவுப் பெண்கள் யார்? இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் எழுந்து சொல்வார்: "இலவசப் பயணிகள்." கூலிக்காக முதலாளி ஏற்றிச் சென்ற பெண்ணுக்குச் சட்டத்தின் மொழியில் கிடைத்த பெயர் அது.

பிரிஜ் மோகன் வழக்கில் 2007ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை எதிர்கொண்டது. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிச் சென்ற டிராக்டர் டிரெய்லரில் போன கூலித் தொழிலாளி அடிபட்டார். டிராக்டர் விவசாயத்துக்கென்று காப்பீடு செய்யப்பட்டது, சூளைக்கு மண் ஏற்றுவது விவசாயம் இல்லை, ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஏழைத் தொழிலாளி என்பதால், அரசமைப்பின் 142வது பிரிவு தரும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. அவருக்கு உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியது கருணையாகக் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் வரை போக முடியாதவர்களுக்கு அந்தக் கருணையும் இல்லை. 2025 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் நாந்தேட் மாவட்டத்தில் கூலிப் பெண்களை ஏற்றிச் சென்ற டிராக்டர் கிணற்றில் விழுந்து ஏழு பெண்கள் இறந்தார்கள். இரங்கல் அறிக்கைகள் வந்தன. டிரெய்லரில் ஏற்றிச் செல்லும் பழக்கம் அப்படியே இருக்கிறது.

ஓட்டுநரின் உரிமத்தைப் பற்றிய வழக்குகள் இன்னொரு பக்கம் ஓடின. டிராக்டர் ஓட்ட லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் டிரெய்லர் மாட்டியவுடன் அது சரக்கு வண்டியாகிவிடுகிறது, அதற்கு அவரிடம் லைசென்ஸ் இல்லை என்று கம்பெனிகள் வாதாடின. 2001ல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுத்தது. டிரெய்லரைச் சேர்த்ததாலேயே டிராக்டர் ஓட்டும் தகுதி போய்விடாது என்றது. 2005ல் நட்வர் பாரிக் வழக்கில், டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தால் சரக்கு வாகனம், பெர்மிட் வேண்டும் என்றது. முந்தையது உரிமத்தைப் பற்றி, பிந்தையது பெர்மிட்டைப் பற்றி. சட்டம் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். கீழ்க் கோர்ட்டில் இழப்பீட்டுக்காக நிற்கும் விதவைக்கு, வண்டி ஒருநாள் விவசாய வண்டியாகவும் மறுநாள் லாரியாகவும் மாறும் மாயம் மட்டும்தான் தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவே 2007ல் ஒரு விதி வந்தது. போக்குவரத்து வாகன உரிமம் புதிதாகக் கேட்பவர் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பாதுகாப்புக்காக என்றார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் இறங்கிக் கூலிக்குப் போனவர்கள் யாருடைய பிள்ளைகள்? இன்சூரன்ஸ் கம்பெனி எந்த உரிமத்தைக் கேட்டதோ அந்த உரிமத்தின் கதவில் எட்டாம் வகுப்புப் பூட்டு தொங்கியது. வேலை கொடுத்தவருக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படவில்லை. படிப்பு இல்லாதவரை, கூலி குறைவு என்பதற்காகவே ஓட்ட வைத்தார்கள். விபத்து நடந்த பிறகுதான் சான்றிதழ் ஞாபகத்துக்கு வந்தது.

2017ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை ஓட்ட இலகுரக வாகன உரிமமே போதும் என்றது. 2019ல் மத்திய அரசு எட்டாம் வகுப்பு விதியை நீக்கியது. அரியானாவின் மேவாத் பகுதியில் படிப்பில்லாவிட்டாலும் வண்டி ஓட்டும் திறமையை நம்பிப் பிழைக்கும் ஏழை மக்களுக்காக அந்த மாநில அரசு வைத்த கோரிக்கையே அதற்கு உடனடிக் காரணம். 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு ரம்பா தேவி வழக்கில் 2017 தீர்ப்பை உறுதிசெய்தது. இலகுரக ஓட்டுநர்களால்தான் விபத்து கூடுகிறது என்ற வாதத்துக்கு ஆதாரமாகக் கம்பெனிகள் எந்தப் புள்ளிவிவரத்தையும் காட்டவில்லை என்பதையும் அமர்வு குறிப்பிட்டது. இழப்பீட்டை மறுக்க இத்தனை ஆண்டுகள் கையாண்ட ஒரு வாதம் இப்படி முடிந்தது.

ஆக, இன்று டிராக்டர் ஓட்டுகிறவர் பெற வேண்டியது ஒரு சாதாரண இலகுரக வாகன உரிமம். எட்டாம் வகுப்பு வேண்டாம். அப்படியிருக்க, "விவசாயிக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு வேண்டும்" என்ற கோரிக்கையை நாம் ஏன் ஆதரிக்க வேண்டும்? விலக்கு கிடைத்தால் யாருக்கு லாபம்? லைசென்ஸ் இல்லாத பையனைக் குறைந்த கூலிக்கு ஏற்றிவிடுகிறவருக்கு லாபம். கூலி ஓட்டுநரிடம் இருக்கக்கூடிய ஒரே தாள் பறிபோகும்.

அந்தத் தாளின் மதிப்பை யோசித்துப் பாருங்கள். டிராக்டர் வாங்க மானியம் இருக்கிறது. மத்திய இயந்திரமயமாக்கல் திட்டத்தில் தலித், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை என்று எழுதியும் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தோடு சிட்டா கேட்பார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடிப் பரப்பில் தலித்துகளின் கையில் இருப்பது நூற்றுக்கு ஒன்பது பங்குக்கும் குறைவு. சிட்டா இல்லாதவருக்கு மானியம் இல்லை. நிலம் பட்டாவில் பேசும், வண்டி ஆர்.சி. புக்கில் பேசும். கூலியாளின் திறமை பேசுவது லைசென்ஸில் மட்டுமே. அதை எடுத்துக்கொண்டு அவர் அடுத்த ஊருக்குப் போகலாம், நகரத்துக்குப் போகலாம், ஆண்டையிடம் கூலி பேசலாம்.

தண்டனைகளையும் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 500 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. கூலி ஓட்டுநருக்கு அது பல நாள் சம்பளம். சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. இதில் காவல் நிலையம் யாரைத் தேடி வரும்? பிள்ளையை வேலைக்கு அனுப்பிய காலனித் தகப்பனையா, சாவியைக் கொடுத்த உரிமையாளரையா? மணல் வழக்குகளில் என்ன நடக்கிறது என்று நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இரவில் மணல் அள்ளப் போன டிராக்டர் பிடிபட்டால் ஸ்டியரிங்கில் இருந்தவர் கையோடு கைதாகிறார். அனுப்பியவர் பெயர் 'தலைமறைவு' என்ற சொல்லுக்குள் பத்திரமாக இருக்கிறது.

சட்டம் உரிமையாளரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிக்கக் கூடாது என்று 5வது பிரிவு உரிமையாளருக்கு நேரடியாகவே கட்டளையிடுகிறது. மீறினால் 180வது பிரிவின்படி தண்டனை. 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, டிராக்டர் கொண்டு விவசாயத்தில் வேலை செய்கிறவரைத் தொழிலாளி என்று சேர்த்திருந்தது. வேலையின்போது இறந்தால் இழப்பீடு தருவது வேலை கொடுத்தவரின் பொறுப்பு. அதிலிருந்து தப்பிக்க அந்தச் சட்டம் தந்த விலக்குகளில் லைசென்ஸ் இல்லாமை இல்லை. கதிரடிக்கும் இயந்திரங்களில் வடநாட்டுக் கூலிகள் கையை இழந்தபோது 1983ல் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் வந்தது. அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு என்பது அதன் நோக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பிரிவுகளின் எண்கள் நம் காலனிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனவே நாம் கேட்க வேண்டியது விலக்கை அன்று. கூலிக்கு டிராக்டரோ அறுவடை இயந்திரமோ ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் உரிமம் எடுத்துத் தரும் செலவு வேலை கொடுப்பவருடையதாக இருக்க வேண்டும். காலனிகளில் ஓட்டுநர் உரிம முகாம்களை அரசு நடத்த வேண்டும். தாட்கோ வழியாக டிராக்டர், அறுவடை இயந்திரப் பயிற்சி தர வேண்டும். பெண்களுக்கும் தர வேண்டும், அவர்கள் அறுப்பைப் பறித்த இயந்திரத்தை ஓட்ட அவர்களுக்கு முதல் உரிமை உண்டு. டிரெய்லரில் கூலிகளை ஏற்றுவதை நிறுத்தி வேன் வைக்க வேண்டும். வைக்காதவரை, ஏற்றிச் செல்கிறவர் ஒவ்வொரு தலைக்கும் காப்பீடு கட்ட வேண்டும். வயலுக்குள் நடக்கும் விபத்தும் தொழில் விபத்தாகப் பதிவாக வேண்டும்.

அதுவரை நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். லைசென்ஸ் எடுங்கள். புரோக்கரிடம் கொடுக்காமல் நீங்களே போய் எடுங்கள். அடுத்த முறை "வா, வந்து வண்டியை எடு" என்று கூப்பிடும்போது ஆர்.சி. புக்கையும் இன்சூரன்ஸ் தாளையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நம் தாத்தாக்கள் ஏரைப் பிடிக்கும்போது எதையும் கேட்க முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கிற நாம் கேட்கலாம்.